ஆட்டோஃபோகஸ் பிசகும்போது: லென்ஸைச் சோதித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் விழுகிறது என்பது, திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் கல்யாண வேலை எடுக்கும் படப்பிடிப்பாளர்கள் சந்தித்துக்கொள்ளும் இடங்களில் எல்லாம் கேட்கும் புகார். இதற்கு உடனடி மருந்தாகச் சொல்லப்படுவது, கேமரா மெனுவில், ஃபோகஸைச் சிறிது முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்த உள்ள நுண்திருத்த எண்ணைக் கூட்டியோ குறைத்தோ பார்ப்பது. அந்த மெனு தீர்ப்பது ஒரே ஒரு வகைப் பிழையை மட்டுமே. அதாவது, ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவில் தவறும் பிழையை. ஒரு படத்தில் முன்னும் அடுத்த படத்தில் பின்னும் ஃபோகஸ் சிதறுமானால், எந்த எண்ணை இட்டாலும் அது தீராது. அதன் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. ஆகவே இவ்வழிகாட்டியில் நுண்திருத்தம் கடைசிப் படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள படிகளிலேயே பலருடைய சிக்கல் முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

படி 1: கெட்டுப்போன படத்தைப் படித்தல்

கேமராவின் சிறிய திரையை நம்பாமல், சந்தேகத்துக்குரிய படங்களைக் கணினியில் நூறு விழுக்காட்டு அளவில் திறந்து, கூர்மை இருந்திருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, வேறெங்காவது கூர்மை இருக்கிறதா என்று தேடுங்கள். தரை விரிப்பு, புடவைக் கரை, நாற்காலியின் கைப்பிடி, பின்னால் நிற்பவரின் சட்டைப் பொத்தான் என முன்னிலோ பின்னிலோ ஏதேனும் ஒரு தளம் தெளிவாக நின்றால், அது ஃபோகஸ் பிழை. தெளிந்த தளம் ஆளுக்கு முன்னால் இருந்தால் ஃபிரன்ட் ஃபோகஸ், பின்னால் இருந்தால் பேக் ஃபோகஸ்.

படம் முழுவதிலும் எங்குமே கூர்மை இல்லையென்றால் ஆட்டோஃபோகஸைக் குற்றம் சாட்டுவதற்கு முன் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். மின்விளக்குப் புள்ளிகள் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. ஆள் மட்டும் இழுபட்டுப் பின்னணி தெளிவாக இருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். படத்தின் இடப்பக்கம் தெளிவாகவும் வலப்பக்கம் எப்போதும் மங்கலாகவும் இருந்தால், கண்ணாடி வில்லைகளுள் ஒன்று மையம் விலகியிருக்கிறது என்று பொருள். கீழே விழுந்த லென்ஸ்களிலும், விழுந்ததைச் சொல்லாமல் விற்கப்பட்ட பழைய லென்ஸ்களிலும் இதைக் காணலாம்; வீட்டில் செய்யும் எந்தத் திருத்தமும் இதற்குப் பயன்படாது.

வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் உள்ள டயாப்டர் திருகைத் திருப்பினால் ஃபோகஸ் சரியாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. அத்திருகு உங்கள் கண்ணுக்கு வியூஃபைண்டரைத் தெளிவாக்குமே தவிர, ஆட்டோஃபோகஸோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

படி 2: கூர்மைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்கிடுதல்

ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 திறப்பில் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) வைத்து, 2 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவரைப் படமெடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே ஏறத்தாழ 6 செ.மீ.தான். மூக்கு நுனியிலிருந்து காது வரையிலான தொலைவு இதைவிட அதிகம். ஆகவே கண்ணில் சரியாக ஃபோகஸ் ஆனாலும் காது மங்கத்தான் செய்யும், அது குறையன்று. அதே லென்ஸில் எஃப் 4 வைத்தால் ஆழம் 13 செ.மீ. அளவுக்கு விரியும். ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றுச் சிறிய சென்சார் கொண்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 திறப்பில் வைத்து 1 மீட்டரில் எடுத்தால் 3 செ.மீ.கூடக் கிடைக்காது.

இந்தச் சிறு இடைவெளிக்குள், நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் கேமராவைத் திருப்பி அமைப்பை மாற்றும் பழக்கம் பெரும் கேட்டை விளைவிக்கும். கேமரா திரும்பும்போது கூர்மைத் தளமும் சேர்ந்து திரும்பி, ஆளுக்குப் பின்னால் போய்விடுகிறது. ஒன்றரை மீட்டர் தொலைவில் 15 பாகை திருப்பினால் பிழை 5 செ.மீ.; ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸுக்கு அத்தொலைவில் கூர்மைத் தளத்துக்கு முன்பக்கம் கிடைக்கும் இடமோ 4 செ.மீ.க்கும் குறைவு. தலையின் மேல் இடம் விட்டு எடுக்கும் படங்களில் மட்டும் தொடர்ந்து பேக் ஃபோகஸ் வருகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்தி எடுத்துப் பாருங்கள். லென்ஸ் குணமாகிவிட்டதாகத் தோன்றும்.

மணமக்கள் மண்டப வாசலிலிருந்து நடந்து வருவதை ஒற்றை ஃபோகஸ் முறையில் எடுப்பதும் இதே வகைதான். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வருபவர், ஃபோகஸ் பூட்டியதற்கும் ஷட்டர் விழுந்ததற்கும் இடையே கால் வினாடி கழிந்தால் 25 செ.மீ. முன்னே வந்துவிடுவார். நகர்பவருக்குத் தொடர் ஃபோகஸ் முறையே பொருத்தம். நிக்கானில் அதை ஏஎஃப்-சி என்றும் கேனானில் ஏஐ சர்வோ என்றும் குறிப்பார்கள். ஆனால் நிக்கான் பாடிகளில் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்களில்) ஏஎஃப்-சி முறைக்கு, ஷட்டர் விழுவதற்கு முன்னுரிமை தரும் ரிலீஸ் அமைப்புதான் இயல்பாக இருக்கும். ஃபோகஸ் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் படம் விழும். மங்கலான படங்கள் குவிந்தால், மெனுவில் அதை ஃபோகஸ் முன்னுரிமைக்கு மாற்றி வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

படி 3: பொருத்தமும் தூய்மையும்

லென்ஸின் பக்கவாட்டில் உள்ள, ஆட்டோஃபோகஸை இயக்கும் ஏஎஃப் பொத்தானும், தொலைவு வரம்புப் பொத்தானும் எந்த நிலையில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். நிக்கான் 85 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸ் 0.8 மீட்டருக்கு உட்பட்ட எதிலும் ஃபோகஸ் ஆகாது. தாலியைக் கிட்டத்தில் எடுக்க முயன்று தோற்பவர்கள் பெரும்பாலும் இவ்வரம்பைத்தான் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழைய லென்ஸ் வாங்கியவர்கள் பொருத்தத்தையும் சரிபார்க்க வேண்டும். நிக்கான் டி5600 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் அதில் ஆட்டோஃபோகஸ் செய்யாது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக, உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ் பாடியில் மாட்டினாலும் அதே கதைதான்.

உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரைகளில் வேலை செய்பவர்களின் லென்ஸ்களில் மவுண்ட்டின் பொன்னிறத் தொடுமுனைகள் உப்புக் காற்றால் மங்கியிருப்பதுண்டு. பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே பேச்சு அறுபட்டு, ஃபோகஸ் ஒரு கணம் ஓடி மறு கணம் நிற்கும். பஞ்சிழை உதிராத துணியில் ஒரு துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடைத்தால் போதும். அழிரப்பர் கொண்டு தேய்க்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அது மேற்பூச்சைத் தேய்ப்பதோடு, துகளையும் பாடிக்குள் விடும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணல் ஆடிக் காற்றில் ஃபோகஸ் வளையத்துக்குள் புகுந்துவிட்டால், வளையத்தைத் திருப்பும்போதே நறநறப்பு கைக்குத் தெரியும். அதைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயலாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

குளிரூட்டிய மண்டபத்திலிருந்து புழுக்கமான வெளிக்கு லென்ஸைக் கொண்டுவந்தவுடன் முன் கண்ணாடியில் நீராவி படியும். மங்கிய கண்ணாடி வழியே ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவதை மோட்டார் பழுது என்று எண்ணிவிடுவோரும் உண்டு. பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்திருந்து எடுத்தால் இத்தொல்லை குறையும். மலிவான யூவி ஃபில்டர், குறிப்பாகத் தொலைவை நெருக்கிக் காட்டும் நீண்ட டெலி லென்ஸ்களில், ஃபோகஸைக் கெடுக்கும். சோதனை முடியும்வரை அதைக் கழற்றிவையுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் பயன்படுத்துவோர் டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே மிரர் உள்ள கேமராவில், சர்க்குலர் வகையைத்தான் மாட்ட வேண்டும்.

படி 4: ஃபோகஸ் புள்ளி எதைப் பிடித்தது என்று ஆராய்தல்

நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் படி இது. வியூஃபைண்டரில் தெரியும் சிறு கட்டத்தைவிட, அதன் பின்னால் உள்ள உணரும் பகுதி பெரியது. அப்பகுதிக்குள் எது அதிக வேறுபாட்டோடு ஒளிர்கிறதோ அதைத்தான் கேமரா பிடிக்கும்.

மணப்பெண்ணின் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணின் மேல் கட்டத்தை வைத்திருக்கிறீர்கள். ஆனால் கட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி நெற்றிச்சுட்டி தொங்குகிறது. ஒவ்வொரு கல்லும் வீடியோ விளக்கில் மின்னுகிறது. புருவமும் கண்மையும் மென்மையான கருமை. சுட்டியின் கற்களோ கூரிய வெள்ளை. முகம் சற்றுக் குனிந்திருக்கும்போது சுட்டி கண்ணைவிட ஓரிரு சென்டிமீட்டர் முன்னால் நிற்பதால், ஃபோகஸ் அதைப் பிடித்துக்கொள்கிறது. கணினியில் பெரிதாக்கினால் கல் பதித்த கொக்கியின் வளைவுகூடத் தெரியும். இமை முடியோ கரைந்திருக்கும். லென்ஸ் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. இருவரையும் மார்பளவில் எடுக்கும்போது மாலை இதே வேலையைச் செய்யும். மேடைக்குப் பின்னால் எரியும் சீரியல் விளக்குகளோ இதற்கு நேர்மாறாக ஃபோகஸைப் பின்னுக்கு இழுக்கும். ஒரே மண்டபத்தில், ஒரே லென்ஸில், முன்னும் பின்னுமாகப் படங்கள் சிதறுவதன் ரகசியம் இதுவே. மிகச் சிறிய கட்டத்தைத் தேர்ந்து, சுட்டிக்குத் தொலைவில் உள்ள இமையோரத்தில் வைப்பது ஒரு வழி.

கோடுகளும் ஏமாற்றும். டிஎஸ்எல்ஆரின் ஓரப் புள்ளிகளுள் பல, ஒரு திசைக் கோடுகளை மட்டுமே உணரும் ஒற்றை வகை. நடுப்புள்ளி பெரும்பாலும் இரு திசைகளையும் உணரும் குறுக்கு வகை. பத்தமடைப் பாயின் நெசவைக் கிட்டத்தில் எடுக்க முயன்றால் இது நன்றாக விளங்கும். ஒரே சீராக ஓடும் நுண்ணிய கோரை வரிகளில் ஓரப்புள்ளி எதையும் பிடிக்க மாட்டாமல் அலையும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் பிடித்துவிடக்கூடும். ஒன்றுபோல் திரும்பத் திரும்ப வரும் உருவம் குறுக்கு வகைப் புள்ளியையும் சில வேளை தவறான வரியில் நிறுத்திவிடும். பாயின் ஓரத்தில் உள்ள துணிக்கரையைப் பிடித்து ஃபோகஸ் செய்வது எளிது.

இனி இருட்டு. நிக்கான் டி750 ஆட்டோஃபோகஸ் −3 ஈவி வரை இயங்கும் (ஈவி என்பது ஒளியின் அளவு; ஒன்று குறைந்தால் ஒளி பாதியாகும்). டி5600 −1 ஈவி வரைதான். அதாவது முன்னது நான்கில் ஒரு பங்கு ஒளியிலும் வேலை செய்யும். கோயில் கொடையில் நள்ளிரவுக்கு மேல் சாமியாடி தீப்பந்தத்தோடு வரும்போது, இந்த வேறுபாடு படத்திலேயே தெரிந்துவிடும். தீப்பிழம்புக்கு நிலையான விளிம்பு இல்லாததால், அதில் வைத்த ஃபோகஸ் நிற்காது. பந்தத்தின் ஒளி விழும் தோளிலோ சல்லட உடையின் விளிம்பிலோ வைப்பதே நல்லது. இவ்விரவில் எடுத்த படங்களைக் கொண்டு லென்ஸுக்குத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

படி 5: காற்றை ஐயுறுதல்

நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு 600 மி.மீ. லென்ஸோடு போய் வந்து, லென்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. ஊருக்குள் மரத்தில் கூடு கட்டியிருக்கும் மஞ்சள் மூக்கு நாரைகள் தெளிவாக வந்திருக்கும். குளத்தின் நடுவே நின்ற பூநாரைகளும் வரித்தலை வாத்துகளும் பஞ்சுபோல் வந்திருக்கும். வெயில் ஏறியதும் கரையிலும் காய்ந்த குளத்தரையிலும் எழும் கானல் அலை, ஒளியை வளைத்து வளைத்து அனுப்புகிறது. ஆட்டோஃபோகஸுக்கு ஒவ்வொரு கணமும் வேறு விளிம்பு கிடைக்கிறது. கையால் ஃபோகஸ் செய்தாலும் தெளிவு வராது. கிட்டத்துப் பறவை தெளிவு, தொலைவுப் பறவை மங்கல், அதுவும் காலை எட்டரை ஒன்பதுக்குப் பிறகு மட்டும் என்றால் காரணம் காற்றுதான். விடிந்தவுடன் அதே இடத்தில் அதே தொலைவுக்கு எடுத்து ஒப்பிடுங்கள்.

படி 6: லென்ஸைச் சோதித்தல்

இதுவரை சொன்ன எதிலும் காரணம் அகப்படவில்லை என்றால் முறையான சோதனைக்கு வரலாம். இலக்காக விலைகொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. தினசரிக் காலண்டர்த் தாளின் பெரிய தேதி எண் போதும். கூரிய கருவிளிம்பு, வெள்ளைப் பின்னணி, இரு திசைக் கோடுகள் எல்லாம் அதில் உண்டு. தாளைத் தட்டையான அட்டையில் ஒட்டி, காற்றில் அசையாதபடி செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் பக்கத்தில், எண் இருக்கும் தளத்துக்கு ஒரு குறியீடு சரியாக நேர்படும்படி, ஓர் அடிக்கோலை 45 பாகைச் சாய்வில் வையுங்கள். இச்சாய்வில் கோலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் உண்மையான ஆழத்தில் 0.7 செ.மீ.யைக் குறிக்கும். அடிக்கோலின் மேலேயே ஃபோகஸ் செய்வது வீண். சாய்ந்த பொருளில் எந்தக் கோட்டைக் கேமரா பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேமராவை முக்காலியில் ஏற்றி, சென்சாரும் அட்டையும் இணையாக இருக்கும்படி நேர்செய்யுங்கள். தொலைவு, லென்ஸின் குவியத் தொலைவைப்போல் 25 முதல் 50 மடங்கு இருக்கட்டும், 50 மி.மீ. லென்ஸுக்கு இது ஒன்றேகால் முதல் இரண்டரை மீட்டர். திறப்பை முழுமையாக விரித்து, ஐஎஸ்ஓவைக் குறைத்து, அதிர்வுக் குறைப்பை அணைத்து, நடுப்புள்ளியையும் ஒற்றை ஃபோகஸ் முறையையும் தேர்ந்து, இரண்டு வினாடி டைமரில் எடுங்கள். வெளிச்சம் பகல் வெளிச்சமாக இருப்பது முக்கியம். வீட்டு முற்றத்து நிழல் மிகப் பொருத்தம். மின்விளக்குகளின் நிறம் மாறும்போது டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸும் சிறிது இடம் மாறக்கூடும்.

முதலில் லைவ் வியூவில், அதாவது வியூஃபைண்டரை விட்டுக் கேமராவின் திரையைப் பார்த்து, சில படங்கள் எடுங்கள். அப்போது படம் பதியும் சென்சாரே ஃபோகஸைத் தீர்மானிக்கிறது. ஆகவே இதுவே அளவுகோல். அடுத்து வியூஃபைண்டர் வழியாக ஏழெட்டுப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைக் கலைத்துவிட வேண்டும். ஒருமுறை முடிவிலிக்கும் மறுமுறை மிகக் கிட்டத்துக்கும் மாற்றி மாற்றிக் கலையுங்கள். டிஎஸ்எல்ஆரில் ஒளியின் ஒரு பகுதி துணை மிரரில் பட்டுப் பாடியின் அடியில் உள்ள தனி சென்சாருக்குப் போகிறது. அந்தப் பாதையின் நீளமும் பட சென்சார் வரையிலான நீளமும் இம்மி பிசகினாலும் ஃபோகஸ் தவறும்.

இனி முடிவைப் படிக்கலாம். லைவ் வியூ படங்கள் தெளிவாகவும், வியூஃபைண்டர் படங்கள் அனைத்தும் ஒரே பக்கம் விலகியும் இருந்தால் நுண்திருத்தம் பயன் தரும். லைவ் வியூவிலேயே தெளிவில்லை என்றால் குறை ஒளியியலில் இருக்கிறது. வியூஃபைண்டர் படங்கள் இரு பக்கமும் சிதறினால், அல்லது முடிவிலியிலிருந்து வரும்போது ஒரு விடையும் கிட்டத்திலிருந்து வரும்போது வேறு விடையும் கிடைத்தால், லென்ஸின் மோட்டாரோ பற்சக்கரமோ தேய்ந்திருக்கிறது; மெனுவைத் தொடாதீர்கள்.

படி 7: நுண்திருத்தம்

நிக்கானில் ஏஎஃப் ஃபைன் ட்யூன், கேனானில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்ற பெயரில் இது இருக்கும். இரண்டிலும் −20 முதல் +20 வரை. நிக்கான் டி7200, டி7500, டி610, டி750, டி850, கேனான் 6டி, 80டி, 90டி, 7டி மார்க் 2 ஆகியவற்றில் உண்டு. நிக்கான் டி3500, டி5600, கேனான் 1500டி, 200டி ஆகியவற்றில் கிடையாது. அவற்றில் லைவ் வியூவில் எடுப்பதே கைவசமுள்ள வழி.

ஃபிரன்ட் ஃபோகஸ் என்றால் எண்ணைக் கூட்டல் பக்கமும், பேக் ஃபோகஸ் என்றால் கழித்தல் பக்கமும் நகர்த்துங்கள். ஒன்றொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. முதலில் 10 வைத்து எடுத்து, பிழை எதிர்ப்பக்கம் தாண்டிவிட்டதா என்று பார்த்து, பிறகு இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து வாருங்கள். 20 வைத்தும் போதவில்லை என்றால் அது வீட்டு வேலையன்று. டி500, டி850 போன்ற பாடிகளில், லைவ் வியூவில் ஃபோகஸ் செய்தபின் கேமராவே எண்ணைக் கண்டுபிடிக்கும் தானியங்கி வசதியும் உண்டு. ஒரே தடவையை நம்பாமல் சில முறை செய்து, வரும் எண்களின் நடுவானதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூம் லென்ஸில் அகலக் கோணத்துக்குச் சரியான எண் டெலி முனைக்குச் சரிவராமல் போகலாம். கேனான் 5டி மார்க் 3 போன்றவற்றில் இரு முனைகளுக்கும் தனித்தனி எண் இடலாம்; ஒரே எண்தான் உண்டு என்றால், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் முனைக்கு முன்னுரிமை கொடுங்கள். சிக்மாவின் யூஎஸ்பி டாக் (அந்நிறுவன லென்ஸைக் கணினியோடு இணைக்கும் கருவி), ஜூம் லென்ஸில் நான்கு குவியத் தொலைவு, ஒவ்வொன்றிலும் நான்கு தூரம் என 16 இடங்களில் திருத்தி, லென்ஸுக்குள்ளேயே சேமிக்கும். பாடி மெனுவில் இடும் எண்ணோ அந்தப் பாடிக்கு மட்டுமே உரியது; நண்பரின் பாடியில் மாட்டினால் அது உதவாது.

முழுத் திறப்பில் திருத்தி முடித்ததும், எஃப் 2.8, எஃப் 4 திறப்புகளிலும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எஃப் 1.4 வகை லென்ஸ்கள் சிலவற்றில் திறப்பைச் சுருக்கும்போது கூர்மைத் தளம் பின்னுக்கு நகரும். இது அவ்வில்லை அமைப்பின் இயல்பு. மண்டபத்தில் எந்தத் திறப்பில் வேலை செய்கிறீர்களோ அதற்கு ஏற்ற எண்ணை வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு

பட சென்சாரே ஃபோகஸும் செய்வதால், நிலையான ஃபிரன்ட், பேக் ஃபோகஸ் பிழை இங்கே அரிது. சில பாடிகளில் நுண்திருத்த மெனு இருந்தாலும் அதை நாடவேண்டிய தேவை அபூர்வமாகவே வரும். ஆனால் படி 4 முழுமையாக இவர்களுக்கும் பொருந்தும். கண்ணைக் கண்டறியும் வசதி, மணமகளை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் புரோகிதரின் கண்ணைப் பிடிக்கலாம். ஓமப் புகை எழும்போது இருவரையும் விட்டுவிடலாம். சந்தேகம் வந்தால் அதை அணைத்துவிட்டு, ஒற்றைச் சிறு புள்ளியில் அதே காட்சியை எடுங்கள். புள்ளியில் தெளிவாக வந்தால் லென்ஸ் குற்றமற்றது. பாடி, லென்ஸ் இரண்டின் ஃபர்ம்வேரையும் (உள்ளிருக்கும் மென்பொருளையும்) புதுப்பித்த பிறகு மறுபடி சோதியுங்கள்.

பழுதுபார்க்க அனுப்பும்போது

லென்ஸை மட்டும் அனுப்பாமல் பாடியையும் சேர்த்தே அனுப்புங்கள். பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அங்கே உறுதிசெய்ய இரண்டும் வேண்டும். படி 6-இல் எடுத்த லைவ் வியூ, வியூஃபைண்டர் படங்களை, திருத்தம் எதுவும் செய்யாத மூலக் கோப்புகளாகவே ஒரு மெமரி கார்டில் வைத்து, எந்தத் தொலைவில், எந்தத் திறப்பில், எந்தப் பக்கம் விலகுகிறது என்று ஒரு தாளில் எழுதி இணையுங்கள். ஃபோகஸ் சரியில்லை என்று மட்டும் எழுதி அனுப்பினால், சோதித்ததில் குறை காணப்படவில்லை என்ற குறிப்போடு அப்படியே திரும்பி வருவதற்கு வாய்ப்பு அதிகம். துணை மிரரின் திருகைத் தாங்களே திருப்பிச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் கடைகளில் கொடுக்காதீர்கள். அதைத் திருப்பினால் உங்களிடமுள்ள மற்ற லென்ஸ்களின் ஃபோகஸும் சேர்ந்து மாறும்.

சரிசெய்த லென்ஸ் திரும்பி வந்ததும், பாடியின் நினைவில் அதற்கு முன்பு இட்ட எண் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சுழியாக்குங்கள். இல்லையென்றால், பழுது நீங்கிய லென்ஸைப் பழைய எண் மறுபடி விலக்கிவிடும். அதன்பின் காலண்டர்த் தாளையும் அடிக்கோலையும் எடுத்து, படி 6-ஐத் தொடக்கத்திலிருந்து ஒருமுறை செய்துவிட்டே அடுத்த வேலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.